காமன் பூல்

கெலமங்கலம் வட்டார அலுவலகத்தில்
என் மேசைக்கு மேல் ஓடுவது ஒரே மின்விசிறி.
அதன் கீழே முந்நூற்றுப் பதினாறு பிள்ளைகள்
எந்தப் பள்ளியிலும் இல்லாமல்
என் திரையில் இருக்கிறார்கள்.

காமன் பூல் என்போம்.
ஒரு பள்ளி கைவிட்டு
இன்னொரு பள்ளி கைநீட்டும்வரை
பிள்ளைகள் மிதக்கிற இடம்.
ஆழம் எவ்வளவு என்று நிரப்ப
அதில் கட்டம் இல்லை.

ருத்ரி.
ஆதாரில் ருத்தரி.
பிறப்புச் சான்றில் ருத்ராம்பிகே.
ஊர் கல்லுபெட்டா, அஞ்செட்டி தாண்டி மலைமேல்.
தாய்மொழிக்கு நேரே
தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது.
அவள் வீட்டில் பேசுவது
இவற்றில் இரண்டுக்கு நடுவே எங்கோ.
கன்னடம் என்று தட்டினேன்.
தட்டியதும் அது அவள் தாய்மொழி ஆயிற்று.

மின்சாரம்: உண்டு.
கம்பம் உண்டு என்பதால் உண்டு.
கழிப்பறை: உண்டு. தண்ணீரைப் பற்றி
கேள்வி இல்லை.
ஆசிரியர்: ஒருவர்.

அந்த ஒருவர் ஜெபசிங் சார், திசையன்விளைக்காரர்.
வாரத்தில் ஒரு நாளாவது
படிவங்களோடு என் முன்னால் உட்கார்ந்திருப்பார்.
அன்று அந்தப் பள்ளிக்கு ஆசிரியர் பூஜ்யம்.
திரையில் அப்போதும் ஒருவர்.

காலை ஒன்பதரைக்குள் வருகைப் பதிவை அனுப்ப
பள்ளிக்குப் பின்னால் பாறைமேல் ஏறுவார்.
ஒரு கோடு சிக்னல் அங்கேதான்.
இருபத்திரண்டு பிள்ளைகளும் கூடவே ஏறுவார்களாம்.
"யானை நடமாட்டம் மேடம்,
கீழே விட்டுட்டு ஏறி
யாரை வந்திருக்காங்கன்னு அனுப்புறது?"

எட்டாவது வருடக் கலந்தாய்வில்
ராதாபுரத்தில் ஓர் இடம் திறந்தது.
அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன்.
குறை சொல்ல மாட்டேன்.
அப்பாவின் சாவுக்கே மறுநாள் போய்ச் சேர்ந்த மனிதர்.
அதே திரையில் கல்லுபெட்டா
சாயங்காலம் வரை யாரும் தொடாமல் கிடந்தது.
மாவட்டம் மாறிப் போகத்தான் எல்லாரும்
இங்கே வேலைக்கு வருகிறார்கள்.

நான் மட்டும் என்ன.
என் மகன் படிப்பது ஓசூரில்.
அவன் பேருந்தில் ஏறினால் எனக்கு ஒரு செய்தி,
இறங்கினால் ஒரு செய்தி.
மதியம் தயிர்சாதத்தை மிச்சம் வைத்தால்
அதற்கும் ஒரு செய்தி.

ஜெபசிங் சார் போன அதே வருடம்
கேழ்வரகை யானை தின்றது.
ருத்ரியின் வீடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது.
அந்த ஊர் மென்பொருளுக்கு
நம்ம எண் புரியாது.
இரண்டரை மணி நேரப் பயணம்தான்,
ஒரு எண் கடக்க முடியாத தூரம்.

மே மாதம் மேலிருந்து உத்தரவு:
பூலைக் காலி செய்யவும்.
காரணங்கள் வரிசையாக விழுந்தன.
இறப்பு. திருமணம். வேறு மாநிலம்.
எதையாவது தட்டினால் போதும்,
ஒன்று குறையும்.
பூஜ்யத்தை எட்டும் வட்டாரத்துக்கு
கேடயம் உண்டு என்றார்கள்.

ஏனோ பதிவில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
அப்பா எடுப்பார் என்று நினைத்தேன்.
அவள்தான் எடுத்தாள்.
பின்னால் கலவை இயந்திரம் உருளும் சத்தம்.
"யாரு? மிஸ்ஸா?"
இல்லை, ஆபீஸ் என்றேன்.
சரியாகக் கேட்கிறதா என்றேன்.
"சூப்பரா கேக்குது.
ஏழாவது மாடியில நிக்கிறேன்.
நாலு கோடு."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.
"மிஸ், நான் இப்ப எந்தக் கிளாஸ்?"

ஜூன் தோறும் கணினி
பூலில் இருப்பவர்களையும் உயர்த்திவிடும்.
பார்த்துச் சொன்னேன்: ஆறாவது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"ஆறாவதா," என்றாள்,
பிறகு யாரிடமோ திரும்பி, கன்னடத்தில், சத்தமாக,
"நானு ஆறனே கிளாஸு!"

யாரோ அதட்டினார்கள்.
தண்ணி ஊத்தணும், வெச்சிடறேன் என்றாள்.

மூன்று காரணங்களும்
இன்னும் திறந்தே இருந்தன.
மின்விசிறி நின்றது, கரண்ட் போனது.
அன்றைக்கு என்னால்
அவ்வளவுதான் செய்ய முடிந்தது,
அதையும் நான் செய்யவில்லை.